இருக்கிற உடம்புக்கு

கத்தரிக்கோல் எங்கே என்று வடிவு மூன்றாவது தடவையாகக் கேட்டபோது நதியா அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில், கத்தரியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் அப்பாவியாக வைத்திருந்தாள்.

"தேடிக்கினுதான் கீறேன்க்கா."

"குந்திக்கினே இன்னாடி தேடல்? எழுந்து தேடு. ஒன்றரைக்கு ராகு காலம் முடிஞ்சதும் எடுக்கணும்ன்றாங்க. இப்பவே மணி பதினொன்னு ஆவுது."

வடிவு கெட்டவள் இல்லை. ஜமுனாமரத்தூரைச் சுற்றி எந்த ஊரில் பொம்பளைச் சாவு விழுந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கட்டிலில் கிடந்த நதியாவின் மாமியார் சம்பூர்ணத்தை அவளும் நதியாவும் சேர்ந்து மஞ்சள் தண்ணீரால் துடைத்து, ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். இனித் துணி உடுத்துவதுதான் பாக்கி. அதற்குத்தான் கத்தரி.

குண்டான பொம்பளை செத்துப்போனால் அங்கே அதுதான் வழக்கம். ஜாக்கெட்டின் முதுகை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டி, இரண்டு கைகளையும் முன்பக்கமாக நுழைத்து, மிச்சத்தை முதுகுக்கு அடியில் செருகிவிடுவார்கள். மேலே புடவை, அதற்கும் மேலே மாலை. வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் உடுத்திவிட்டவர்களுக்குத் தெரியுமே. அவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள். செல்லியம்மாள் செத்தபோது அப்படித்தான் ஆயிற்று. "முதுகுல ஒரு மொழம் பத்தல" என்று காரியம் முடிகிறவரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் வடிவும் உண்டு.

அந்தச் சிரிப்பைச் சம்பூர்ணமும் கேட்டிருந்தாள். பத்து நாளைக்கு முன்னால், நதியா அவளைப் புரட்டிப் போட்டுப் படுக்கை விரிப்பை மாற்றும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னக் கிழிச்சிப் போட்டு அனுப்பாதடி. செத்தும் இவளுக்குத் துணி பத்தலன்னு ஆவக் கூடாது."

நதியாவுக்கு அப்போது இடுப்பு விட்டுப்போகிற வலி. "சரி சரி, கைய இந்தாண்ட எடுங்க" என்று எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்து சொன்னாலும், சரி என்று சொன்னது சொன்னதுதானே. மாமியார் கடைசியாகக் கேட்ட ஒரே காரியம் அது. அதையும் செய்யவில்லை என்றால் இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்ததெல்லாம் என்னத்துக்கு என்று நதியாவுக்குக் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

கோடி வந்த பிறகுதான் சங்கடம் முற்றியது.

பிறந்த வீட்டுக் கோடித் துணி போடாமல் அங்கே எந்தப் பெண்ணையும் புதைக்க மாட்டார்கள். சம்பூர்ணத்தின் தம்பி ரங்கன் மலையை விட்டு இறங்கி ஆலங்காயத்தில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. விடிகாலையில் சேதி போனதும் அவர் மனைவி பச்சையம்மா ஜவுளிக்கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அரக்கு நிறத்தில் ஒரு நல்ல காட்டன் புடவை எடுத்தாள். மற்றவர்களாக இருந்தால் புடவையோடு நிறுத்திக்கொள்வார்கள். பச்சையம்மா நாத்தனார்மேல் உயிரை வைத்திருந்தவள். புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை வெட்டி, பக்கத்துக் கடை டெய்லர் தலைமேல் உட்கார்ந்து ஒரே மணி நேரத்தில் தைத்து வாங்கிவிட்டாள். பாவாடையும் புதுசு. மூன்றையும் தாம்பாளத்தில் அடுக்கி, டாடா ஏஸில் மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் ஏறி வந்திருந்தாள்.

டெய்லரிடம் அளவுக்கு என்று ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்திருந்தாள். பச்சையம்மாவின் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது சம்பூர்ணம் மறந்து விட்டுப்போனது. அந்தக் கல்யாணம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமாகச் சம்பூர்ணம் சும்மாவா இருந்தாள்?

நதியாவுக்கு டேப் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மலைக்குக் கீழே ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் மேல்தோல் தைத்தவள். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்ததும் கணக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கக் கொக்கி சேர ஆறு அங்குலம் குறையும். உள்ளே பிரித்துவிட டெய்லர் துணியும் விட்டிருக்கவில்லை. அவசரத் தையல்.

"பீரோவுல கீற அவங்க ஜாக்கெட்டு ஒன்ன போட்டுட்டா இன்னா?" என்றாள் வடிவு.

"எதுவும் சேராதுக்கா. மூணு மாசமா நீர் கோத்துக்கினு ஊதிப் போச்சில்ல. கடைசியில நைட்டிதான்."

"அப்ப வெட்டித்தான் போடணும். பிணம் இன்னா மூச்சு வாங்கப் போவுதா? கத்திரிய எடுடி."

வெளியே பந்தலில் ஆண்கள் பேசுவது கேட்டது. தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று யாரோ கேட்டார். எட்டுப் பேராவது வேண்டும் என்று வேறொருவர் சொன்னார். அதற்கு ஒரு சிரிப்பும் எழுந்து, சாவு வீடு என்ற நினைப்பு வந்து பாதியில் நின்றது. நதியாவின் கணவன் ஆனந்தன் அங்கேதான் இருந்தான். அம்மாவைப் பற்றி இப்படிப் பேசுவதைச் சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகியவன்.

சம்பூர்ணம் பழகிக்கொள்ளவில்லை. அதுதான் அவளிடம் விசேஷம். மகளிர் குழுவுக்குத் தலைவியாகி, சாமை அரிசியும் தேனும் புளியும் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலை, வேலூர் என்று கண்காட்சிக்குப் போகிறவள். மேடையில் நாற்காலி போட்டால் அதில் அவள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனாலும் அந்த மேடையில் அவளைப் போல உடுத்தியிருக்கிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கஞ்சி போட்ட காட்டன், நெஞ்சிலும் கையிலும் ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்த ஜாக்கெட், இடுப்பில் ஐந்து மடிப்பு. பெரிய ஆபீசர் மனைவிகள்கூட, "எங்க தைக்கிறீங்க?" என்று காதோடு கேட்பார்கள். "வேலூர்ல ஒரு டெய்லர் கீறாரு" என்பாள். "ஆள் பாதி ஆடை பாதின்றாங்க. எனக்கு ஆளே ரெண்டு பங்கு. அப்ப ஆடை எம்மாம் நல்லா இருக்கணும்?"

அந்த மாமியார் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது நதியா குச்சி மாதிரி இருந்தாள். இப்போதும் அப்படித்தான். தொளதொளவென்று ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டு வாசல் பெருக்கியவளைச் சம்பூர்ணம் முதல் வாரமே பிடித்துக்கொண்டாள். "ஒல்லியா கீறவளுக்குத் துணி எப்படி வேணா தொங்கலாம்னு யார்டி சொன்னது?" என்று, இருந்த நாலு ஜாக்கெட்டையும் உருவிப் போட்டுப் பிரிக்கச் சொன்னாள். நதியாவுக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, மாமியாரும் கேட்கவில்லை.

பிறகு சம்பூர்ணத்துக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. சிறுநீரகமும் போயிற்று. இரண்டு வருஷம். தூக்கி உட்கார வைத்து, துடைத்து, உடுத்தி, படுக்க வைத்து, மறுபடி தூக்கி. அத்தனை கனத்தையும் இந்தக் குச்சிதான் தூக்கியது. ராத்திரி முழுசாகத் தூங்கி எவ்வளவு நாள் ஆயிற்று என்று நதியாவுக்கே கணக்கில்லை. இன்றைக்கு விடிகாலை நாலரைக்கு அந்த மூச்சு இழுத்து இழுத்து நின்றபோது, அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் "அப்பாடா". யாரும் கேட்கவில்லை. ஆனந்தன் அப்போது டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு அழுதாள். அது நிஜ அழுகைதான். ஆனால் முதலில் வந்தது அப்பாடாதான், அதை மறைக்க முடியுமா?

அந்தச் சொல் வேறு அவளை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஜாக்கெட்டையும் கிழித்துப் போட்டால், பாரத்தை இறக்கிவிட்டு ஓடியவள் ஆகிவிடுவோம் என்று பட்டது.

"வடிவக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பச்சையம்மா சின்னம்மாவ உள்ள வரச் சொல்லுங்க."

"கத்திரி?"

"நீங்க வர்றதுக்குள்ள கெடைச்சிடும்."

வடிவு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். டீ என்றால் அவள் மறுக்கிற ஆள் இல்லை.

பச்சையம்மா அழுது வீங்கிய முகத்தோடு உள்ளே வந்தாள். அவளும் நல்ல பருமன். முந்தானையை எப்போதும் போல இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். வந்ததும் நாத்தனார் தலைமாட்டில் நின்று, "கோடி புடிச்சிருக்கா அண்ணி? அரக்குன்னா உனக்கு உசுராச்சே" என்று மறுபடி ஆரம்பித்தாள். நதியா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"சின்னம்மா, கோவிச்சிக்கக் கூடாது. ஜாக்கெட்டு சேரல."

பச்சையம்மாவின் அழுகை பட்டென்று நின்றது.

"இன்னாடி சொல்ற? அவங்க ஜாக்கெட்டயே அளவு குடுத்துத் தைச்சது."

"அது பன்னெண்டு வருசத்துக்கு முந்தி இருந்த அளவு சின்னம்மா."

பச்சையம்மா ஜாக்கெட்டைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். முகம் சிறுத்துப் போயிற்று. "அய்யோ, எனக்கு இது தோணவே இல்லியே," என்றாள். உடனே அவளே சமாதானமும் சொன்னாள். "பரவால்ல உடு. எல்லாருக்கும் பண்ற மாதிரி பின்னால வெட்டிட்டுப் போட்டுடுங்க. கோடின்னு மேல பட்டா போதும்."

"வெட்ட வாணாம் சின்னம்மா. அத்த என்கிட்ட கேட்டுக்கினாங்க, கிழிச்சிப் போடாதேன்னு. நான் சரின்னேன்." நதியா ஜாக்கெட்டின் பக்கத் தையலைத் தொட்டுக் காட்டினாள். "சேர்ற மாதிரி பண்ணிடுவேன். ரெண்டு அக்குள்லயும் பட்டி வெச்சா சேர்ந்துடும். அதுக்கு ஒரு சாண் துணி வேணும். புடவையில உள் முந்தியில வெட்டிக்கட்டுமா? இடுப்புக்குள்ள போற பக்கம்தான். வெளிய தெரியாது."

கேட்டு முடிப்பதற்குள் பச்சையம்மா புடவையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கோடியில கத்திரி வெப்பாங்களா எங்கனா? பொறந்த வூட்டுக் கோடிடி இது. ஜாக்கெட்ட இன்னா வேணா பண்ணு. புடவைய வெட்டினா, தம்பி வூட்ல அக்காவுக்கு அறுந்த துணி போட்டாங்கன்னு ஆயிடும். எங்க வூட்டுக் கோடி அவங்களுக்குப் பத்தலன்றியா?"

பத்தவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அந்த அம்மாள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். பீரோவில் இருப்பதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று மாமியார் கையில் அடித்து வாங்கிய சத்தியம் ஒன்று இருந்தது. ஒரு சத்தியத்தைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்க வேண்டியதாகிவிட்டதே என்று நொந்துகொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள்.

பச்சையம்மா அந்தப் பீரோவின் உள்ளே பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. பத்துப் பதினைந்து புடவைக்கு மேல் இல்லை. ஒவ்வொரு புடவையின் மடிப்புக்குள்ளும் அதன் ஜாக்கெட், அதன் பாவாடை. ஒன்றை இழுத்தால் மூன்றும் சேர்ந்து வரும். எங்கே என் ஜாக்கெட் என்று தேடுகிற பேச்சே கிடையாது. வெயிலுக்குக் கட்டுகிறவை கை எட்டும் தட்டில், பனிக்குக் கட்டுகிறவை மேலே, கூட்டத்துக்குப் போகிறவை தனியாக. இடம் நிறையக் காலியாகவே கிடந்தது.

"இவ்ளோதானா? கல்யாணப் பொடவ எங்க?"

"குடுத்துட்டாங்க. சேராததுக்கு இங்க எடம் கெடையாது. வருசா வருசம் போகிக்கு எல்லாத்தையும் போட்டுப் பாப்பாங்க. சேரலன்னா ஒன்னு பிரிச்சித் தைக்கணும், இல்ல யாருக்காவது குடுத்துடணும். இளைச்சிட்டு கட்டிக்கலாம்னு ஒன்னும் வெக்க மாட்டாங்க. ஆசைக்கு வெச்சிக்கிற துணி பூச்சிக்குத்தான்னுவாங்க. இருக்கிற ஒடம்புக்குத்தான் துணி, போன ஒடம்புக்கு இல்லன்னுவாங்க."

நதியா ஒரு நீலப் புடவையை உருவி, உள்ளிருந்த ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதன் கையைத் தூக்கிக் காட்டினாள். அக்குளுக்கு அடியில், கை ஓரத்திலிருந்து இடுப்பு வரைக்கும், நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டி. அதே நீலம், ஆனால் ஜாக்கெட் துணி அல்ல. இன்னொன்றை எடுத்தாள். அதிலும். பச்சையம்மா தானே மூன்றாவதை எடுத்துப் புரட்டினாள். பிறகு புடவையின் உள் முந்தியைத் தேடிப் பிரித்தாள். ஒரு சாண் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தது.

"வேலூர் டெய்லர்னு சொன்னாங்களே."

"வேலூர்லாம் ஒன்னும் இல்ல சின்னம்மா. முன்ன அவங்களே தைச்சிக்கினாங்க. அப்பால நான்."

"எனக்குச் சொல்லலியே. எங்கிட்டகூட."

பச்சையம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நாத்தனார் முகத்தையே பார்த்தாள். அவள் திட்டப் போகிறாள் என்றுதான் நதியா நினைத்தாள். ஆனால் பச்சையம்மா இறுக்கிப் போர்த்தியிருந்த முந்தானையை மெதுவாக நழுவவிட்டு, வலது கையைத் தூக்கினாள். அக்குளுக்குக் கீழே தையல் விட்டுப்போய், மூன்று ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. நடுவிலிருந்த ஊக்கு உராய்ந்து தோல் கன்றிப் போயிருந்தது.

"எந்தக் கல்யாணத்துலயும் நான் கையத் தூக்கி அட்சதை போட மாட்டேன், தெரியுமா? இடுப்பாண்டயிருந்தே வீசிடுவேன். மருமவ சிரிப்பா," என்றாள். "அண்ணி பக்கத்துல நின்னு நல்லா கையத் தூக்கிப் போடுவாங்க. எனக்குப் பொறாமையா இருக்கும். இந்த ஒடம்ப வெச்சிக்கினு இவங்களுக்கு மட்டும் எப்படின்னு."

வெளியே மேளக்காரர்கள் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தார்கள். பச்சையம்மா மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"கத்திரி எங்க வெச்சிருக்க?"

நதியா ஸ்டூலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கோடி குடுத்தது நானு. நீ வெட்டினாத்தான் குத்தம், நான் வெட்டினா யாரு கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, பச்சையம்மா புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள் முந்தியைத் தேடி எடுத்து, சாண் வைத்து அளந்தாள். அளந்துவிட்டு இன்னும் இரண்டு விரல் தள்ளிப் பிடித்தாள். "தாராளமாவே இருக்கட்டும்."

புதுத்துணி கரகரவென்று வெட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு நதியாவின் கைக்கு ஓய்வில்லை. புது ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் பிளேடால் பிரித்தாள். பட்டிகளை வெட்டி, பின்துண்டோடு வைத்து மெஷினில் ஓட்டினாள். சாவு வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் பந்தல் வரைக்கும் போயிற்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"இன்னா சத்தம் அது?" என்று ரங்கன் கேட்பது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"மெஷினு மாமா," என்றான் ஆனந்தன்.

"இந்நேரத்துல யாருக்குத் தைக்கிறாங்க?"

நதியா காலை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள்.

"அம்மாவுக்குத்தான் இருக்கும்," என்றான் ஆனந்தன். "தைச்சி முடிக்கட்டும். அவசரம் இல்ல." காலையிலிருந்து அவன் உறுதியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். நதியாவுக்கு அவன்மேல் சட்டென்று பிரியம் வந்தது.

டீ குடித்துத் திரும்பிய வடிவு வாசலில் நின்று மூக்கில் விரல் வைத்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வேலை தெரிந்தவளுக்கு வேலை நடப்பது தெரியும்.

உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. தைத்த ஜாக்கெட்டை அதில் மாட்டுவது ஆகாத காரியம் என்றுதான் ஊரில் வெட்டுகிறார்கள். நதியா பக்கங்களைத் திறந்தபடியே வைத்திருந்தாள். வடிவும் பச்சையம்மாவும் சம்பூர்ணத்தை ஒரு பக்கமாகப் புரட்டிப் பிடிக்க, பின்துண்டை அடியில் விரித்தாள். திரும்பப் படுக்க வைத்து, தோளில் சரியாக உட்கார வைத்தாள். பட்டிகளை அக்குள் வழியாக முன்னால் கொண்டுவந்து, ஊசியில் நூல் கோத்து, உடம்பின் மேலேயே வைத்துக் கையால் தைக்க ஆரம்பித்தாள். உயிரோடு இருக்கிறவளுக்குத் தைப்பது போல, ஊசிக்கும் தோலுக்கும் நடுவே தன் இடது கை விரலைக் கொடுத்துக்கொண்டு தைத்தாள். இரண்டு தடவை தன் விரலில்தான் குத்திக்கொண்டாள்.

வடிவு பாவாடை நாடா கோக்கச் சன்னல் பக்கம் போயிருந்தாள். பச்சையம்மா நாத்தனாரின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நதியா தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"சின்னம்மா, காலையில மூச்சு நின்னப்போ நான் அப்பாடான்னு சொல்லிட்டேன்."

இரண்டு தையல் போனது.

"அவங்களும் அப்பாடான்னுதான்டி போயிருப்பாங்க. ரெண்டு வருசமா அந்தக் கட்டில்ல படுத்துக்கினு அவங்களுக்கு மட்டும் சொகமா? நூலக் கொஞ்சம் இழு, தொளதொளன்னு கீது."

நதியா நூலை இழுத்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து தையல் தெரியவில்லை. கொஞ்சம் நிறுத்தி, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

கொக்கிகளைக் கீழிருந்து போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் இழுக்காமல் சேர்ந்தது. கடைசிக் கொக்கி கழுத்தருகே மாட்டியபோது பச்சையம்மா பிடித்திருந்த மூச்சை விட்டாள். நெஞ்சில் ஒரு சுருக்கம் இல்லை. வடிவு முதுகுக்கு அடியில் கையை விட்டு, மேலிருந்து கீழ்வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"முழுசா கீது," என்றாள். "இருவது வருசமா எத்தினி பேருக்கு உடுத்தியிருப்பேன், இந்த மாதிரி ஒடம்புக்கு முழு ஜாக்கெட்டு போட்டு அனுப்பறது இதான் மொத தடவ." சொல்லிவிட்டு எதையோ நினைத்துக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்தாள். "செல்லியம்மாளுக்கும் இப்படிப் பண்ணியிருக்கலாம். எனக்குத்தான் தெரியல."

புடவையில் ஐந்து மடிப்பு வந்தது. உள்ளே ஒரு சாணுக்கு மேல் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றே முக்காலுக்குத் தூக்கினார்கள். எட்டுப் பேர் தூக்கினார்கள், ஆனால் இந்தத் தடவை யாரும் அதைப் பேசவில்லை. பந்தலில் இறக்கி வைத்தபோது குழுவில் இருந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "மீட்டிங்குக்குக் கெளம்பின மாதிரியே கீறாங்க" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ரங்கன் அக்காவைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தார். "அளவு கரெக்டா தைச்சிருக்க," என்றார். பச்சையம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெருமுனை வரைக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு, பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். கட்டிலை வெளியே போட்டார்கள். நதியா பின்பக்கத் தொட்டியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, மாமியார் படுத்திருந்த இடத்தில் மெழுகி, ஒரு படி நெல் வைத்து, அதன்மேல் அகல் ஏற்றினாள். இடுகாட்டிலிருந்து திரும்புகிற ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அதுவரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வது மருமகள் பொறுப்பு. எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று நீட்டினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தபோது ஆண்கள் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்த ஆனந்தன் நனைந்த வேட்டியோடு படியேறினான். வாசற்படியில் பச்சையம்மா இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, உள்ளே கண்ணைக் காட்டினாள்.

விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஈரத்தலையோடு, வாயைத் திறந்துகொண்டு, கையையும் காலையும் வீசிப்போட்டு நதியா தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வாசல் வரைக்கும் கேட்டது.

ஆனந்தன் ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளே போய், விளக்கைப் பார்த்து, அப்படியே பின்னால் நடந்து வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார்கள். எட்டுப் பேரும், அவர்களோடு போன மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நுனிக்காலில் உள்ளே போய் வந்தார்கள். ரங்கனுக்கு மட்டும் இருமல் வந்துவிட்டது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடுத்தவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.